சுற்றுச்சூழல் பொருளியலா, சுற்றுச்சூழல் அறிவியலா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் பலர் பட்டம் முடித்ததும் இந்த இரண்டுக்கும் நடுவே தவிக்கிறார்கள். வளர்ச்சியா, இயற்கையா என்ற மோதலைப் படிக்க இரண்டுமே வழிதான். கோகோ கோலா ஆலை நிலத்தடி நீரைக் கெடுத்ததாக மக்கள் போராடிய பிளாச்சிமடை நம் சித்தூர் தாலுகாவிலேயே இருக்கிறது; அதை வைத்துப் பார்ப்போம்.

கேள்வி
பொருளியல்: இழப்பு எவ்வளவு, யார் தலையில் விழுந்தது?
அறிவியல்: கிணற்று நீரில் என்ன கலந்தது, நீர்மட்டம் ஏன் இறங்கியது?

2004-இல் அந்த ஆலையில் உற்பத்தி நின்றுபோனது. 2010-இல் கேரள அரசின் உயர்நிலைக் குழு ஆலையால் வந்த இழப்பை 216 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. பயிர், குடிநீர், உடல்நலம், கூலி என்று தனித்தனியாகக் கணக்கிட்டால்தான் அப்படி ஒரு தொகை வரும். ஆனால் கிணற்று நீரைச் சோதித்த முடிவு இல்லாமல் அந்தக் கணக்கைத் தொடங்கவே முடியாது. சந்தையில் விலையே இல்லாத சைலண்ட் வேலிக் காட்டுக்கு என்ன மதிப்புப் போடுவது? பொருளியலில் என்னை அதிகம் ஈர்ப்பது இந்தக் கேள்விதான்.

முன்தகுதி
பொருளியல்: பிளஸ் டூ கணக்கு பலமாக இருக்க வேண்டும்.
அறிவியல்: வேதியியல், உயிரியல் அடித்தளம் வேண்டும்.

செலவு
பொருளியல்: பெரும்பாலும் புத்தகமும் கணினியும் போதும்.
அறிவியல்: ஆய்வகம், களப்பயணம் என்று கூடுதலாகப் போகும்.

சரி, யாருக்கு எது? அரசின் கொள்கை, இழப்பீடு, திட்ட மதிப்பீடு பக்கம் போக நினைப்பவர்கள் பொருளியல் எடுக்கலாம். மாசுக்கட்டுப்பாடு, நீர்ச் சோதனை வேலைகளுக்கு அறிவியல்தான் சரி. எதை எடுத்தாலும் மற்றதில் ஒரு விருப்பப் பாடம் கிடைக்குமா என்று சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.