பாளையங்கோட்டை வீட்டுக்கு எந்தப் பியானோ?

ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் எங்கள் வீட்டு அப்ரைட் பியானோவின் (சுவரோரம் நிமிர்ந்து நிற்கும் மரப் பியானோ) நடு ஈ (E) சுரக் கட்டை அமுங்கும், எழும்பாது. விரலால் தூக்கிவிட்டால்தான் மறுபடி ஒலிக்கும். சித்திரை வெயிலில் அதே கட்டை லொடலொடவென்று ஆடும். உள்ளேயிருக்கும் மரமும் கம்பளியும் ஈரத்தைக் குடித்துப் பருப்பதும் காய்ந்து சுருங்குவதுமாகவே ஆண்டு முழுவதும் கழிகிறது. இந்தத் தொல்லையெல்லாம் பட்டவன் என்ற முறையில்தான் சொல்கிறேன்: பிள்ளை கச்சேரி மேடைக்கு ஆசைப்பட்டால், நான் முதலில் நினைப்பது அந்த மரப்பெட்டியைத்தான்.

எங்கள் ஊரில் பியானோ ஆசை பெரும்பாலும் கிறிஸ்தவக் கோயிலில் முளைக்கிறது. பாடகர் குழுவில் பாமாலையின் நான்கு குரல்களும் தனித்தனியே நடந்து ஒன்றாகச் சேர்வதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, ஒருநாள் பேத்தோவனைக் கேட்டுவிட்டு வீட்டில் அடம்பிடிக்கும். அப்போது பெற்றோர் முன்னால் கீபோர்டு, டிஜிட்டல் பியானோ, அப்ரைட் என்று மூன்று வழிகள் இருக்கின்றன.

கீபோர்டைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. விலை குறைவு, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவரலாம், ஆராதனைக்கு வாசிக்கத் தாராளமாகப் போதும். மேடைப் பியானோவுக்குப் போதாது. பேத்தோவன் 1801-இல் எழுதிய ‘மூன்லைட்’ சொனாட்டா என்ற பியானோ இசையை எடுத்து வைத்தால், இரண்டாவது பாரிலேயே (தாளக் கட்டத்திலேயே) இடக்கைக்குக் கட்டை தீர்ந்துபோகிறது. மொசார்ட்டின் பியானோவிலும் இந்தக் கீபோர்டைப் போல 61 கட்டைகள்தானே என்று சிலர் கேட்கிறார்கள். உண்மைதான். ஆனால் அது எஃப் (F) சுரத்தில் தொடங்கி எஃப்பில் முடிந்தது. கடையில் கிடைக்கும் கீபோர்டு சி (C) சுரத்தில் தொடங்கி சியில் முடிகிறது. அடியில் ஏழு கட்டைகள் இல்லை. அதைவிடப் பெரிய குறை விரலில் இருக்கிறது. ஸ்பிரிங்கில் துள்ளும் கட்டையில் பழகிய விரல், உண்மைப் பியானோவின் முன் உட்கார்ந்ததும் கால் மணி நேரத்தில் சோர்ந்துவிடும்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான்.

டிஜிட்டல் பியானோவில் 88 கட்டைகளும் எடையோடு இருக்கும். மழை எதுவும் செய்யாது, சுருதி கலையாது. ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகள் நிறைந்த தெருவில், ஹெட்போன் மாட்டிக்கொண்டு இரவு பதினொரு மணிக்கும் ஸ்கேல் வாசிக்கலாம். ஒரு நாளைக்கு நான்கைந்து மணி நேரம் பயிற்சி செய்ய வேண்டிய பிள்ளைக்கு இது சாதாரண வசதி அல்ல. மின்சாரம் போனால் மட்டும் வெறும் பலகை.

அதில் என்ன குறைகிறது என்பதை என் மாணவர்களுக்கு ஒரே சோதனையில் காட்டுவேன். மரப் பியானோவில் நடு சி கட்டையை ஒலி எழாதபடி மெதுவாக அமுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே இருக்கும் சியைச் சட்டென்று தட்டி விடுங்கள். தட்டிய ஒலி அடங்கிய பிறகு, தொடாத நடு சி தானாக முனகும். தந்திக்குத் தந்தி காதுகொடுக்கும் கருவி அது. இருநூறுக்கு மேற்பட்ட தந்திகள் பல டன் இழுவிசையில் ஒரே மரச்சட்டத்தோடும் இரும்போடும் பிணைந்திருப்பதால் வரும் உயிர் அது. விலை கூடிய டிஜிட்டல்கள் இதையும் போலச்செய்கின்றன; நம் கைக்கு எட்டும் விலையில் வருபவை செய்வதில்லை.

அப்ரைட்டும் முழு நிறைவானதல்ல. 1821-இல் பியானோ செய்பவரான எரார் காப்புரிமை பெற்ற இரட்டை விடுப்புப் பொறி, தந்திகள் படுக்கையாகக் கிடக்கும் கிராண்ட் பியானோவில் இருக்கிறது. கட்டை முழுவதும் எழாமலே அதே சுரத்தை மீண்டும் அடிக்கலாம். பெரும்பாலான அப்ரைட்டில் அது கிடையாது. பழையதை வாங்குவதில் ஏமாற்றமும் உண்டு. நான் முதலில் வாங்கியதில் மேல் வார்னிஷ் கண்ணாடி போல மின்னியது. உள்ளே தந்திகளை இழுத்துப் பிடிக்கும் முறுக்காணிகள் தளர்ந்திருந்தன. ட்யூனர் சென்னையிலிருந்து இரவு ரயில் ஏறி வந்து சுருதி கூட்டிவிட்டுப் போன ஒரே வாரத்தில் எல்லாம் இறங்கிவிட்டது. தந்தியை அடிக்கும் சுத்தியலின் கம்பளியைப் பூச்சி அரித்திருந்ததையும் அப்புறம்தான் பார்த்தேன். ஆகவே, வாங்குமுன் ட்யூனர் ஒருவரை வைத்து ஆணிகளைத் திருகிப் பார்த்துவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் மரப்பெட்டி? வயலின்காரர் தன் வயலினோடு போகிறார். பியானோ கலைஞர் போகிற ஊரில் எது கிடக்கிறதோ அதில் வாசிக்க வேண்டும். பியானோ மேதை ஹோரோவிட்ஸ் 1986-இல் மாஸ்கோவுக்குத் தன் ஸ்டைன்வே பியானோவையே கொண்டுபோனார். அந்தக் கொடுப்பினை எத்தனை பேருக்கு? ஒத்திகைக்குக் கிடைக்கிற சொற்ப நேரத்தில் கனமான கட்டை எது, அழுத்தினால் அலறும் ஸ்தாயி எது என்று விரல் கண்டுகொள்ள வேண்டும். என்றும் மாறாத கருவியில் மட்டும் வளர்ந்த பிள்ளைக்கு இந்தப் பழக்கம் வருவதில்லை.

தரைத்தள வீடு, வெயில் நேரே படாத சுவர், ஆண்டுக்கு இரண்டு தடவை ட்யூனருக்குப் பணம் ஆகியவை இருந்தால் அப்ரைட்டே வாங்குங்கள். ஒன்று குறைந்தாலும் டிஜிட்டல் வாங்கி, சனிக்கிழமைதோறும் பள்ளியிலோ கோயிலிலோ இருக்கும் மரப் பியானோவில் இரண்டு மணி நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாள் தள்ளிப்போகிறதே என்று பதற வேண்டாம். பெரும் பியானோ கலைஞரான ரிக்டர் மாஸ்கோவில் நெய்காஸ் என்ற ஆசிரியரிடம் மாணவராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது 22. அதுவரை பெரும்பாலும் தானாகக் கற்றவர்.

எங்கள் பியானோவுக்குள் மழைக்காலம் முழுவதும் ஈரத்தைப் போக்க, மரத்திலும் கம்பளியிலும் படாமல் சிறு பல்பு ஒன்று எரிகிறது. தை பிறக்கும்போது ஈ கட்டை தானாக எழும்பத் தொடங்கும்.