நண்பர்களோடு சுமோ பந்தயம்: பல பாஷோக்கள் நடத்திய அனுபவம்

டோக்கியோவில் வேலை பார்க்கும் தமிழ் நண்பர்கள் சிலரும் அலுவலகத்து ஜப்பானியர்கள் சிலரும் சேர்ந்து சுமோவுக்கு ஒரு பந்தயக் குழு வைத்திருக்கிறோம். கணக்கு பார்ப்பது என் வேலை. இதேபோல் தொடங்க நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று, எங்களிடம் நிலைத்துவிட்ட விதிகளை எழுதுகிறேன்.

பந்தயத்துக்கென்றே செய்த மாதிரியான விளையாட்டு சுமோ. ஒற்றைப்படை மாதங்களில் ஆண்டுக்கு ஆறு பாஷோ, அதாவது பெரிய போட்டித் தொடர், ஒவ்வொன்றும் 15 நாள். மேல்பிரிவான மகுவுச்சியில் 42 பேர், ஆளுக்கு தினம் ஒரு மோதல். டிரா என்ற பேச்சே இல்லை. யார் முதலில் விழுந்தார் என்று தீர்மானிக்க முடியாவிட்டால் மறுபடி மோத விடுவார்கள். மாலை ஆறு மணிக்குள் அன்றைய முடிவுகள் வந்துவிடும், ஷீட்டில் ஏற்ற பத்து நிமிடம் போதும்.

சாம்பியன் யார் என்று மட்டும் ஊகிக்கும் முறை வேண்டாம் என்பேன். 2020 ஜனவரியில் மகுவுச்சியின் கடைசி இடத்தில் இருந்த டொகுஷோர்யூ 14-1 என்று (14 வெற்றி, ஒரு தோல்வி) கோப்பையைத் தூக்கினார். 2024 மார்ச்சில் தகேருஃபுஜி மகுவுச்சிக்கு வந்த முதல் பாஷோவிலேயே வென்றார். 1914-க்குப் பிறகு 110 ஆண்டுகளாக யாரும் செய்யாதது அது. இதையெல்லாம் எவரால் முன்கூட்டிச் சொல்ல முடியும்? அப்புறம், தேர்ந்தெடுத்தவர் முதல் வாரமே தோற்றுப் போனால் மீதி நாட்களில் பார்க்க ஆர்வமே இருக்காது.

நாங்கள் தரவரிசையை ஐந்து அடுக்காகப் பிரிக்கிறோம். உச்சப் பதவியான யோகோசுனாவும் அதற்கு அடுத்த ஓசெகியும் ஒன்று. அவற்றுக்குக் கீழே வரும் செகிவாகே, கொமுசுபி ஒன்று. மகுவுச்சியின் மற்ற வீரர்களான மாயேகஷிராவில் 1 முதல் 5 வரை, 6 முதல் 11 வரை, அதற்குக் கீழே என மூன்று. அடுக்குக்கு ஒருவரை எடுக்க வேண்டும். வெற்றிக்கு ஒரு புள்ளி, எட்டாவது வெற்றி கிடைத்தால் கூடுதலாக இரண்டு. மாயேகஷிரா ஒருவர் யோகோசுனாவை வீழ்த்தினால் அந்தக் கின்போஷிக்கும் இரண்டு. கோப்பைக்கு ஐந்து.

இதில் மூளைக்கு அதிக வேலை கொடுப்பது மூன்றாவது அடுக்குதான். மேல்வரிசை மாயேகஷிராக்களை முதல் வாரத்தில் யோகோசுனா, ஓசெகிகளோடுதான் மோத விடுவார்கள். 1-6 என்று கிடப்பவர் இரண்டாம் வாரத்தில் சற்று எளிய எதிராளிகள் கிடைத்து 8-7-க்கு ஏறி வருவதைப் பார்க்கும் சந்தோஷம் கோப்பைப் போட்டியில்கூட எனக்குக் கிடைத்ததில்லை. கடைசி நாளில் 7-7 என நிற்பவரின் மோதலுக்கு எங்கள் வாட்ஸ்அப் குழுவே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். எட்டு வந்தால் பதவி உயரும், ஏழோடு நின்றால் இறங்கும். அவருக்கு அது பிழைப்பு.

புதியவர்களுக்கு நான் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு. ஒரே பயிற்சிக்கூடத்து வீரர்களை, கோப்பைக்கான பிளே-ஆஃபில் தவிர, ஒருவரோடு ஒருவர் மோத விடுவதில்லை. இசெகஹாமா போல நல்ல வீரர்கள் நிறைந்த கூடத்தில் இருப்பவருக்கு அதனால் சில கடினமான எதிராளிகள் குறைவார்கள். அடுக்கில் இரண்டு பேர் சமமாகத் தெரிந்தால் அவர் பக்கம் சாயலாம்.

காயம்தான் தலைவலி. தொடங்கும் முன்பே விலகியவருக்குப் பதில் அதே அடுக்கில் இன்னொருவரை எடுக்கலாம். தகேருஃபுஜியே கோப்பை வென்ற அடுத்த பாஷோவில் இறங்கவில்லை. பாஷோ ஞாயிற்றுக்கிழமை தொடங்கும், ஆகவே சனிக்கிழமை இரவு வரை மாற்ற அனுமதி. நடுவில் விலகினால் மாற்று கிடையாது. கறாராகத் தெரியும், ஆனால் இதைத் தளர்த்தினால் சண்டைதான் மிஞ்சும்.

பணம் வைக்கவே வேண்டாம். ஜப்பானில் காசு வைத்துப் பந்தயம் கட்டுவது குற்றம். அப்போதே உண்டு தீர்க்கும் சாப்பாடு போன்றவற்றுக்குத் தண்டனைச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. சட்டத்தை விட எனக்குப் பெரிய காரணம், சூதாட்டம் இந்த விளையாட்டுக்குச் செய்த சேதம். 2010-ல் பேஸ்பால் சூதாட்ட விவகாரத்தில் ஓசெகி கொடோமிட்சுகி நீக்கப்பட்டார், அந்த ஜூலை பாஷோவை ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே நேரலையில் காட்டவில்லை. அந்த விசாரணையில் சிக்கிய கைபேசிகளில் இருந்துதான் வீரர்கள் காசுக்கு மோதல்களை விட்டுக்கொடுத்த விஷயமும் வெளிவந்தது. 2011 மார்ச் பாஷோவே ரத்தானது. இதை நேசிக்கிறவர்கள் காசிலிருந்து தள்ளி நிற்பதுதான் மரியாதை.

எங்கள் பந்தயம் சாப்பாடுதான். கடைசி இரண்டு இடக்காரர்கள் முதலிடக்காரரை டோக்கியோவின் சுமோ அரங்கம் இருக்கும் ர்யோகோகுவில், சுமோ வீரர்களின் உணவான சாங்கோ நாபே சாப்பிட அழைத்துப் போக வேண்டும். ஜெயித்தவர் சைவம் என்றால், இந்தியர்கள் நிறைய வாழும் நிஷி-கசாயில் தோசை.

ஆறேழு பேர் இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் எல்லோரும் அதே ஓசெகியை எடுத்துவிடுகிறார்கள். அடுத்த பிரிவான ஜூர்யோவின் 28 பேரிலிருந்தும் ஒருவரை எடுக்கலாமா என்று இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம். நான் சரி என்று சொல்லிவிட்டேன். நாளைய மகுவுச்சி வீரர்களை இப்போதே பழகிக்கொள்ளலாம்.