ஜேம்ஸ் காட்டன்: சிகாகோ மேடையா, ஆஸ்டின் மேடையா?

புளூஸ் பாடகரும் மவுத் ஆர்கன் கலைஞருமான ஜேம்ஸ் காட்டனின் லைவ் ஆல்பங்களில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவது? என்னிடம் முதலில் இருந்தது சிகாகோ ஆல்பம். ஆஸ்டின் ஆல்பம் வந்து சேர்ந்த பிறகு சிகாகோ ஆல்பத்தை ஒரு நண்பர் இரவல் வாங்கிப் போனார். இன்னும் திருப்பிக் கேட்கத் தோன்றவில்லை. என் சாய்வு எந்தப் பக்கம் என்பது இதிலேயே தெரிந்திருக்கும்.

'லைவ் ஃப்ரம் சிகாகோ' 1986-ல் அலிகேட்டர் நிறுவனம் வெளியிட்டது, பிடி மல்லிகன்ஸ் என்ற கிளப்பில் பதிவானது. 'லைவ் அட் ஆன்டோன்ஸ்' 1988-ல் வந்தது. கிளிஃபோர்ட் ஆன்டோன் 1975-ல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் தொடங்கிய கிளப் அது. காட்டனின் குரலைப் பொறுத்தவரை இரண்டிலும் குறையில்லை. தொண்ணூறுகளில் தொண்டைப் புற்றுநோய் வந்த பிறகு அந்தக் கரகரத்த கம்பீரம் போய்விட்டது. பின்னாளைய ஆல்பங்களில் பெரும்பாலும் மற்றவர்கள் பாட, அவர் ஊதினார். அதனால் அவர் பாடிக் கேட்க வேண்டுமென்றால் இரண்டில் எதுவும் சரிதான்.

சிகாகோ ஆல்பம் முழுக்கக் கொண்டாட்டம். சாக்ஸபோன்கள், துள்ளும் பேஸ், அடங்காத டிரம்ஸ். நாலு பேர் கூடியிருக்கும் வீட்டில் போட்டால் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

ஆஸ்டினில் அவரைச் சுற்றி நின்றவர்கள் வேறு ரகம். பியானோவில் எழுபதைத் தாண்டிய பைன்டாப் பெர்கின்ஸ், டிரம்ஸில் வில்லி 'பிக் ஐஸ்' ஸ்மித், பேஸில் கால்வின் ஜோன்ஸ். மூவரும் எழுபதுகளில் சிகாகோ புளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸின் குழுவில் இருந்தவர்கள். காட்டனும் அதற்கு முன்பு, 1954 வாக்கில் சேர்ந்து, ஏறக்குறைய 12 ஆண்டுகள் மடியிடம் வாசித்தவர். கிட்டாரில் மேட் மர்ஃபி, லூதர் டக்கர். இவர்கள் இருவரும் காட்டனின் பழைய குழுக்களில் வாசித்தவர்கள்தான். ஒத்திகை பார்த்த கச்சிதம் இந்த மேடையில் குறைவு என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

ஆனால் எனக்கு விஷயத்தைத் தீர்த்து வைத்தது மூச்சு.

புளூஸில் மவுத் ஆர்கனை அதன் சொந்த சுருதியில் வாசிப்பது அபூர்வம். பாட்டு ஈ சுருதியில் என்றால் கையில் இருப்பது ஏ சுருதி ஆர்கன். அப்படிப் பிடித்தால் பாட்டின் ஆதார ஸ்வரங்கள் ஊதும்போது அல்ல, உறிஞ்சும்போது விழும். புளூஸின் அந்த அழுகையும் அங்கேதான்: உறிஞ்சியபடியே நாக்கைத் தாழ்த்தினால் ஸ்வரம் வளைந்து இறங்கும். ஆக, வாசிப்பவர் உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறார். மூச்சு போதாமல் போவதல்ல இங்கே சிக்கல், நெஞ்சு நிரம்பித் திணறுவதுதான். எங்காவது வெளியே விட்டாக வேண்டும்.

அந்த இடத்தில் கூட இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? சிகாகோவில் காட்டன் ஆர்கனை வாயிலிருந்து எடுத்ததும் சாக்ஸபோன் புகுந்துவிடுகிறது. ஆஸ்டினில், குறிப்பாக நிதானமான பாடல்களில், பைன்டாப் வலது கையால் சின்னதாக ஒரு உருட்டு உருட்டி நிறுத்திக்கொள்கிறார். ஸ்மித் தாளத்தைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துப் பிடிக்கிறார். மீதி இடம் காலியாகவே கிடக்கிறது. அடுத்த உறிஞ்சல் வந்து அந்தக் காலியிடத்தில் விழும்போதுதான் எத்தனை கனமானது என்று தெரிகிறது.

இரண்டையும் நான் கேட்டது சிடியில்தான். எல்பியில் கேட்பவர்களுக்குச் சிகாகோவின் நெரிசல் கொஞ்சம் தளர்ந்து கேட்கலாம். நடனத்துக்குத்தான் வேண்டுமென்றாலும் யோசிக்காமல் சிகாகோவை எடுங்கள். இளம் வயதுக் காட்டன் வேண்டுமென்றால் இரண்டுமே வேண்டாம், மடி வாட்டர்ஸின் 1960 நியூபோர்ட் இசைவிழாப் பதிவுக்குப் போங்கள். அப்போது அவருக்கு 25 வயது.

நண்பருக்கு இரவல் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்தேன். என்னிடம் இருக்கும் பத்து ஓட்டை ஆர்கனை வைத்துக்கொண்டு இரண்டு ஆல்பங்களோடும் சேர்ந்து ஊதிப் பார்த்தேன். சிகாகோவில் மூன்றாவது வரியிலேயே நெஞ்சு அடைத்து விட்டுவிட்டேன். ஆஸ்டினில் ஒரு பாட்டு முழுக்கத் தாக்குப்பிடித்தேன், பைன்டாப் உருட்டும்போதெல்லாம் மூச்சை விட்டுக்கொண்டு.