டிஎன்ஜி-க்கு மாறலாமா? ஒரு ஸ்டார் கொடுத்தால் 25 எம்பி

புதிதாக மிரர்லெஸ் வாங்கிய நண்பர் கேட்டார்: "வர்ற ரா ஃபைலை எல்லாம் டிஎன்ஜி-யா மாத்தி வெச்சுக்கலாமா, இல்ல அப்படியே விட்டுடலாமா?" போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

ரா என்பது கேமரா சென்சார் பதிந்த தரவை அப்படியே வைத்திருக்கும் ஃபைல். டிஎன்ஜி, அதாவது டிஜிட்டல் நெகட்டிவ், எல்லாக் கேமராவுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று வந்த ரா ஃபார்மட். 2004-ல் அடோபி வெளியிட்டது, டிஃப் என்ற பழைய பட ஃபார்மட் வழி வந்தது, ராயல்டி கிடையாது, யார் வேண்டுமானாலும் படிக்கவும் எழுதவும் மென்பொருள் செய்துகொள்ளலாம். லைக்கா, பென்டாக்ஸ், ரிக்கோ ஜிஆர் கேமராக்கள் நேரடியாகவே இதில் எழுதும். ஐபோனின் ப்ரோரா-வும் உள்ளே டிஎன்ஜி-தான். நிக்கான், கேனான், சோனிக்காரர்கள்தான் கன்வெர்ட்டர் போட்டு மாற்ற வேண்டும்.

வருடக்கணக்கில் இதோடு புழங்கியும் எனக்கு ஆறாத எரிச்சல் ஒன்று உண்டு. நிக்கானின் என்இஎஃப், கேனானின் சிஆர்3 போன்ற ரா ஃபைல்களை அடோபியின் லைட்ரூம் மென்பொருளில் திருத்தினால், தானாக எழுதும் ஆப்ஷன் போட்டிருக்கும்போது அந்தத் திருத்தம் பக்கத்தில் ஒரு குட்டி எக்ஸ்எம்பி ஃபைலில் போய் உட்காரும். ரா ஃபைலை யாரும் தொடுவதில்லை. டிஎன்ஜி-யில் எல்லாம் ஃபைலுக்கு உள்ளேயே போகிறது. "ஒரே ஃபைல், எதுவும் தொலையாது" என்று இதைத்தான் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் பேக்கப் மென்பொருளுக்கு இது மாறிப்போன ஃபைல். நீங்கள் படத்துக்கு ஒரு ஸ்டார் ரேட்டிங் மட்டும் கொடுத்திருந்தாலும் சரி, முழு ஃபைலையும் மறுபடி தூக்கிக்கொண்டு போகும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மார்கழிக் கச்சேரிகளில் எடுத்தது 2,000 படம், ஒன்று 25 எம்பி என்று வைப்போம். சபா மேடை விளக்கு மஞ்சளாக அடிக்கிறது என்று ஒயிட் பேலன்ஸை எல்லாப் படத்துக்கும் சிங்க் செய்கிறீர்கள். மொத்தம் 50 ஜிபி மாறிவிட்டது. 50 எம்பிபிஎஸ் அப்லோடு முழு வேகத்தில் ஓடினாலும் இரண்டேகால் மணி நேரம் ஆகும். மறுநாள் கான்ட்ராஸ்ட்டைக் கொஞ்சம் குறைத்தால் இன்னொரு 50 ஜிபி. எக்ஸ்எம்பி ஃபைலாக இருந்தால் ஒன்று 10 கேபி, மொத்தமே 20 எம்பி. எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிடும். பழைய வெர்ஷன்களையும் சேர்த்து வைக்கிற பேக்கப் என்றால் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் இன்னொரு டிஸ்க் வாங்க வேண்டியதுதான். இதைவிட எனக்கு உறுத்துவது வேறு: நெகட்டிவ் என்று பெயர் வைத்த ஒன்றை, ஒவ்வொரு திருத்தத்துக்கும் திறந்து அதற்குள்ளேயே எழுதுவது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் ஆபத்து அந்தப் படத்துக்குத்தான்.

தப்பிக்க வழி உண்டு. லைட்ரூம் கிளாசிக்கில் கேட்டலாக் செட்டிங்ஸ், மெட்டாடேட்டா டேப், அங்கே மாற்றங்களைத் தானாக எக்ஸ்எம்பி-யில் எழுதும் டிக்கை எடுத்துவிடுங்கள் (டிஎன்ஜி-க்குள் எழுத வைப்பதும் இதே டிக்தான்). வேலை நடக்கும் வரை திருத்தங்கள் லைட்ரூமின் சொந்தப் பதிவேடான கேட்டலாகிலேயே இருக்கட்டும். தினமும் கேட்டலாகை பேக்கப் எடுங்கள். படங்களைக் கொடுத்து முடித்த பிறகு எல்லாவற்றையும் செலக்ட் செய்து மெட்டாடேட்டா மெனுவில் "அப்டேட் டிஎன்ஜி ப்ரிவியூ அண்ட் மெட்டாடேட்டா" ஒரே ஒரு முறை. அதற்குப் பிறகு கடைசி பேக்கப்.

இனி, இதை மன்னிக்க வைக்கிற விஷயம். அடோபி கன்வெர்ட்டரோ லைட்ரூமோ டிஎன்ஜி செய்யும்போது, படத் தரவுக்கு மட்டும் எம்டி5 என்ற சரிபார்ப்பு எண்ணை (செக்சம்) கணக்கிட்டு உள்ளேயே பதிந்துவிடும். திருத்தங்கள் இந்தக் கணக்கில் சேராது. அதனால் நூறு முறை திருத்தினாலும் அது பொருந்தும். டிஸ்க் கெட்டு படத் தரவில் ஒரு பிட் புரண்டாலும் பொருந்தாது. லைப்ரரி மெனுவில் "வேலிடேட் டிஎன்ஜி ஃபைல்ஸ்" கொடுத்தால் எந்தப் படம் கெட்டது என்று பெயரோடு காட்டும். பழைய ஹார்டு டிஸ்கிலிருந்து புதியதுக்கு மாற்றும் நாளில் இதன் அருமை தெரியும். என்இஎஃப்-க்கு இதைச் செய்ய வேண்டுமென்றால் நீங்களே தனியாக செக்சம் லிஸ்ட் போட்டு, அதையும் தொலைக்காமல் காப்பாற்ற வேண்டும். கேமராவே எழுதும் டிஎன்ஜி-யில் பெரும்பாலும் இந்தக் கணக்கு இருக்காது. ரிக்கோ, பென்டாக்ஸ் வைத்திருப்பவர்கள் லைட்ரூமில் ஒரு முறை "கன்வெர்ட் டு டிஎன்ஜி" கொடுத்துவிட்டால் சேர்ந்துவிடும்.

மாற்றுவதாக இருந்தால் கார்டிலிருந்து நேராக வேண்டாம், முதலில் டிஸ்கில் காப்பி. ப்ரிவியூ மீடியம். படம் வேகமாகத் திறக்க உதவும் ஃபாஸ்ட் லோடு டேட்டா இருக்கட்டும். தரத்தை இழந்து சுருக்கும் லாஸி கம்ப்ரெஷனைத் தொடவே தொடாதீர்கள். ஒரிஜினல் ராவை உள்ளே பொதிக்கும் ஆப்ஷன் வேண்டாம், சைஸ் ஏறக்குறைய இரட்டிக்கும். 2023-ல் வந்த டிஎன்ஜி 1.7 பதிப்பின் ஜேபெக் எக்ஸ்எல் என்ற புதிய சுருக்கும் முறையில் ஃபைல் சிறியதுதான், ஆனால் பழைய மென்பொருட்கள் திறக்காது. எல்லா இடத்திலும் திறக்க வேண்டும் என்றுதானே இந்த ஃபார்மட்டுக்கே வருகிறோம். சோனியின் சுருக்காத ரா ஃபைலான அன்கம்ப்ரெஸ்டு ஏஆர்டபிள்யூ-வை மாற்றினால் பாதிக்குப் பக்கமாகக் குறையும். ஏற்கெனவே தரம் குறையாமல் சுருக்கிய லாஸ்லெஸ் கம்ப்ரெஸ்டு என்றால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

இழப்பும் உண்டு. நிக்கானின் என்எக்ஸ் ஸ்டுடியோ, கேனானின் டிபிபி என்ற கம்பெனிகளின் சொந்த மென்பொருள்கள் இரண்டிலும் மாற்றிய ஃபைல் திறக்காது. கம்பெனி தரும் கலர்தான் வேண்டும் என்பவர்களுக்கு இதுவே முடிவான பதில்.

என் பதில்: கேமராவே டிஎன்ஜி கொடுத்தால் யோசிக்காமல் அதிலேயே எடுங்கள். உங்கள் கேமரா கொடுக்காது என்பதால், மேலே எவ்வளவு புகழ்ந்திருந்தாலும், தினப்படி வேலைக்கு மாற்றாதீர்கள் என்றுதான் சொல்வேன். அந்த 50 ஜிபி உங்களைக் கொன்றுவிடும். இனி திருத்தவே போவதில்லை என்று மூடிவைத்த பழைய வேலைகளை மட்டும் மாற்றி, வேலிடேட் செய்து வையுங்கள். பள்ளிக்கரணை, வேடந்தாங்கல் என்று பறவைகளின் பின்னால் சுற்றுகிறவர் நீங்கள், அதனால் இன்னொன்று: சில வனவிலங்குப் படப் போட்டிகள் கேமரா நேரடியாக எழுதிய ராவைத்தான் கேட்கும், மாற்றிய டிஎன்ஜி-யை ஏற்காது. போட்டிக்கு அனுப்பக்கூடிய படங்களின் ஒரிஜினல் ஃபைலை மாற்றிய பிறகும் அழிக்காதீர்கள்.