மூன்று வருடம் நியான் கோபி: மீனை விட ரொட்டிஃபர்தான் படுத்தியது

கடல்மீன் தொட்டி வைக்கிறவர்கள் முதலில் நீமோ மீனைத்தான் வாங்குவார்கள். நான் நியான் கோபி வாங்கினேன். மிஞ்சினால் 5 செ.மீ. கறுப்பு உடம்பு, அதில் நெடுக ஓடும் மின்நீலக் கோடு. ஃப்ளோரிடா, பெலீஸ் பக்கத்துக் கடலில் பவளத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு, வந்து நிற்கிற பெரிய மீன்களின் உடம்பிலிருந்து ஒட்டுண்ணியைப் பொறுக்கித் தின்னும் ஜாதி. வயிற்றுத் துடுப்புகள் இரண்டும் சேர்ந்து குட்டிக் கிண்ணம் மாதிரி இருப்பதால் கண்ணாடியில் பல்லி போல ஒட்டிக்கொள்ளும். பாசி துடைக்கக் கையை விட்டால் புறங்கையில் வந்து உட்கார்ந்து ரோமத்தை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கும். இதற்காகவே தேவையில்லாமலும் கையை விடுவேன்.

சென்னையில் மொட்டைமாடிக்குக் கீழ் வீடு. 60 லிட்டர் தொட்டி. பவளப்பாறைத் துண்டு தேடி அலையவில்லை; இங்கே கடலிலிருந்து பவளம் எடுப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். காய்ந்த செராமிக் கல்லைப் போட்டு ஆறு வாரம் மீனில்லாமல் ஓடவிட்டேன். மே மாதம்தான் சோதனை. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கக் காசில்லை, மின்விசிறியைத் தண்ணீர் மேல் திருப்பி வைத்தேன். சூடு இரண்டு மூன்று டிகிரி இறங்கும், தண்ணீரும் கடகடவென்று குறையும். போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே நிற்கும். அதனால் குறைகிறதற்கு ஈடாக ஆர்.ஓ. தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். முதல் வாரம் உப்புத் தண்ணீரையே ஊற்றி, உப்புத் தண்ணீரின் அடர்த்தி 1.025-லிருந்து 1.029-க்குப் போனபிறகுதான் உறைத்தது.

ஆண், பெண் பார்த்து வாங்குவது கஷ்டம் என்பதால் குஞ்சாக நான்கு வாங்கினேன். ஒன்று ஏர் ட்யூப் போகிற இடுக்கு வழியாகக் குதித்து, வாஷிங்மெஷின் அடியில் எறும்பு மொய்க்கக் கிடந்தது. வளர்ந்தபின் இரண்டு ஜோடி சேர்ந்துகொண்டு மூன்றாவதை விரட்ட, அதை நண்பரிடம் கொடுத்தேன்.

எட்டாவது மாதம், அரை இஞ்ச் பி.வி.சி. குழாய்க்குள் முட்டை. ஆண்தான் காவல். வாலால் விசிறிக்கொண்டே இருக்கும், பெண் எட்டிப் பார்த்தாலும் துரத்தும். ஏழாம் நாள் முட்டைக்குள் வெள்ளிக் கண்கள் மினுங்கின. அன்று சாயங்காலம் குழாயைத் தனி பக்கெட்டுக்கு மாற்றி, விசிறிவிட அப்பனுக்குப் பதில் காற்றுக் குமிழி விடும் ஏர்ஸ்டோனை வைத்தேன். விளக்கணைத்து ஒரு மணி நேரத்தில் டார்ச் வெளிச்சத்தில் கண்ணாடி ஊசி மாதிரிக் குஞ்சுகள். மூன்றாம் நாள் ஒன்றுகூட இல்லை. பட்டினி.

அந்த வாய்க்குள், மீன்குஞ்சுகளுக்கு வழக்கமாகப் போடும் ஆர்ட்டீமியா என்கிற குட்டி இறால் வகை நுழையாது, ரொட்டிஃபர்தான் நுழையும். அது தண்ணீரில் வாழும் நுண்ணிய உயிரி, கண்ணுக்கே தூசி போலத்தான் தெரியும். அதற்குச் சாப்பாடு நானோகுளோராப்சிஸ் பாசி. ஆக, மீன் வளர்க்க ரொட்டிஃபர், ரொட்டிஃபர் வளர்க்கப் பாசி, பாசி வளர்க்க டியூப்லைட். தினமும் கால் பங்கு ரொட்டிஃபரை வடித்தெடுத்தே ஆக வேண்டும். ரெண்டு நாள் ஊருக்குப் போய் வந்தால் நாற்றம்தான் வரவேற்கும். இதில் அம்மா வேறு. "பக்கெட்டெல்லாம் பாசி புடிச்சுக் கெடந்துச்சுடா, தேச்சுக் கழுவி வெச்சிருக்கேன்" என்றார். மூன்று வாரமாக நான் வளர்த்த கல்ச்சர் அது. அன்றிலிருந்து எப்போதும் இரண்டு பக்கெட், ஒன்று பீரோ மேல்.

இரண்டாம் ஈட்டில் மூன்று தேறின, ஐந்தாம் ஈட்டில் இருபத்திரண்டு. பத்தாம் நாளிலிருந்து ஆர்ட்டீமியா கலந்து கொடுத்தேன். நான்கு வாரம் போல ஒருநாள் காலையில் பார்த்தால், அதுவரை நடுத்தண்ணீரில் மிதந்தவற்றில் ஒன்று பக்கெட் சுவரில் ஒட்டியிருந்தது, நீலக்கோட்டோடு. ஆபீசுக்கு லேட்.

குறை என்றால் ஆயுசு குறைவு. என் முதல் ஆண் இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் மேல்தான் இருந்தது. தொட்டியில் இப்போது இருப்பது ஐந்தாம் ஈட்டின் இரண்டு. போன வாரம் அவையும் முட்டை வைத்தன. பீரோ மேல் பக்கெட் காலியாக இருந்ததால் குழாயை எடுக்கவில்லை. பொரிந்ததெல்லாம் தொட்டிக்குள்ளேயே இரையாகியிருக்கும்.