வேவ் சேனலில் தேய மறுக்கும் ஒலி: கேம் பாயுடன் 9 ஆண்டுகள்

சென்ற மாதம் என் கேம் பாயில் செருகும் கார்ட்ரிட்ஜைத் (மென்பொருளும் சேமிப்பும் அடங்கிய பெட்டி) திறந்து, உள்ளிருந்த பொத்தான் பேட்டரியை மாற்ற வேண்டியிருந்தது. பழைய பேட்டரியைப் பெயர்த்தெடுத்தவுடன் நினைவகம் வெறுமையானது. கடைசியாக நகல் எடுத்து இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன என்பதால், அதன் பிறகு நான் செதுக்கிய பேஸ் என்னும் தாழ்சுர ஒலிகள் அனைத்தும் போய்விட்டன. அதே வாரத்தில் நண்பர் ஒருவர், சிப்ட்யூன் (பழைய விளையாட்டுக் கருவிகளின் ஒலிச் சில்லில் அமைக்கும் இசை) பழகுவதற்கு 1989ஆம் ஆண்டின் பழைய சாம்பல்நிறக் கேம் பாய் என்ற கைவிளையாட்டுக் கருவியை வாங்கலாமா என்று கேட்டார். இழந்த ஒலிகளை மீண்டும் உருவாக்கிக்கொண்டே அவருக்கு என்ன சொல்வது என்று யோசித்தபோது எழுதியது இது. இரண்டு பல்ஸ் (சதுரத் துடிப்பு), ஒரு வேவ் (நாமே வரையும் அலை), ஒரு நாய்ஸ் (இரைச்சல்) என்ற அதன் நான்கு ஒலிச் சேனல்களும், அதில் இசையமைக்க உதவும் லிட்டில் சவுண்ட் டிஜே மென்பொருளின் அடிப்படைகளும் தெரிந்தவை என்றே வைத்துக்கொள்கிறேன். இத்தனை ஆண்டுகளாக என்னை வாட்டிவரும் குறை ஒன்றுதான்: வேவ் சேனலில் ஒலி தானாகத் தேய்வதில்லை.

பல்ஸ் சேனலில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே ஒலியளவுக்கு 16 படிகள் உண்டு. உச்சத்திலிருந்து மௌனம்வரை இறங்குவதை வன்பொருளே செய்துவிடும். மிக வேகமாக இறங்கினால் கால் நொடிக்கும் சற்றுக் குறைவு, மிக மெதுவாக இறங்கினால் ஒன்றரை நொடிக்குச் சற்று அதிகம். ஆனால் பேஸ் அமைப்பவர் பல்ஸ் சேனலோடு நின்றுவிட முடியாது. அதன் கீழ் எல்லை 64 ஹெர்ட்ஸ்; வேவ் சேனலோ 32 ஹெர்ட்ஸ்வரை இறங்கும். ஆழமான சுரங்களுக்கு ஏற்ற சேனலில்தான் தேய்மானத்திற்கான வசதி இல்லை. அதற்கென இருப்பவை முழு அளவு, பாதி, கால், மௌனம் என்ற நான்கு நிலைகள் மட்டுமே.

அந்த நான்கையாவது பயன்படுத்தலாமே என்று முதல் ஆண்டு முழுவதும் முயன்றேன். ஓர் அலைவடிவம் என்பது 32 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 15 வரை ஒரு மதிப்பு. பாதி அளவு என்றால் கருவி அந்த மதிப்பை ஒரு பிட் வலப்புறம் நகர்த்துகிறது, அதாவது பாதியாக்கிப் பின்னத்தை விட்டுவிடுகிறது; கால் அளவு என்றால் இரண்டு பிட். எனவே 15 என்பது 7 ஆகி, பிறகு 3 ஆகிறது. ஒலி சிறுக்கும்போதே அதன் நுணுக்கமும் சிறுக்கிறது. 16 படிகளில் ஏறி இறங்கிய முக்கோண அலை நான்கு முரட்டுப் படிகளாகிவிடுகிறது. மீட்டிய தந்தியில் மேற்சுரங்கள் முதலில் அடங்கி, மென்மையான அடிச்சுரம் கடைசிவரை நீடிக்கும். இங்கே நேர்மாறாக, ஒலி அடங்க அடங்கக் கரகரப்பு கூடுகிறது. அதோடு, பிட் நகர்த்தலால் அலை முழுவதும் பூஜ்யத்தின் பக்கம் ஒதுங்கிவிடுவதால் அதன் நடுக்கோடும் இடம் மாறுகிறது. ஒவ்வொரு நிலைமாற்றத்திலும் ஹெட்போனில் ஒரு முட்டல் கேட்கிறது.

இதற்கு நான் கண்ட வழி, தேய்மானத்தை அலைவடிவத்துக்குள்ளேயே வரைந்துவிடுவது. மென்பொருள் 16 சிந்த்களை (ஒலி உருவாக்கிகளை) தருகிறது. ஒவ்வொன்றிலும் 16 அலைவடிவங்கள், அதாவது ஃபிரேம்கள், அடுத்தடுத்து ஒலிக்கும். தொடக்கத்தில் ரம்பப்பல் அலையை முழு வீச்சில் வைத்து, முதல் ஒன்பது பத்து ஃபிரேம்களில் வீச்சைத் தொடாமல் மேற்சுரங்களை வடிகட்டும் லோபாஸ் ஃபில்டரை மட்டும் மெல்ல மூடிக்கொண்டு வருவேன். மேற்சுரங்கள் உதிர்வதையே ஒலி குறைவதாகக் காது ஏற்றுக்கொள்கிறது. வீச்சைச் சுருக்குவது கடைசி ஐந்தாறு ஃபிரேம்களில்தான், அதுவும் கையால், 7க்கும் 8க்கும் இடையிலான நடுக்கோட்டின் இருபுறமும் சமமாக. அலை நடுவிலேயே நிற்பதால் முட்டல் எழுவதில்லை. இதை முதன்முதலில் சரியாகக் கேட்ட இரவில் நான் அடைந்த மகிழ்ச்சியை வேறெந்தக் கருவியும் எனக்குத் தந்ததில்லை.

ஆனாலும் இந்த வழி முழுமையானது அன்று. அலைவடிவத்தை மாற்ற வேண்டுமானால் சேனலை நிறுத்தி, 16 பைட்டுகளையும் எழுதி, மீண்டும் தொடங்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே மீண்டும் தூண்டினால், இந்தப் பழைய மாடலில் அலை நினைவகத்தின் முதல் சில பைட்டுகள் சிதைந்துவிடக்கூடும். எனவே ஒவ்வொரு ஃபிரேம் மாற்றத்திலும் ஒரு நுண்ணிய வெட்டொலி நுழைகிறது. நொடிக்கு 60 முறை மாற்றினால் அந்த வெட்டொலிகள் ஒன்றுசேர்ந்து ஒரு முனகலாகவே கேட்கும்; மெதுவாக மாற்றினால் தனித்தனியாக எண்ணிவிடலாம். வேகமான பாடலில் டிரம் அதை மறைத்துவிடும். மெதுவான பாடலில், பேஸ் மட்டும் தனித்து நிற்கும் இடத்தில், அதற்கு ஒளிய இடமில்லை. அப்படி எழுதிய மூன்று பாடல்களை நான் முடிக்காமலே கைவிட்டேன். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

இந்தக் கருவியின் சொந்த ஸ்பீக்கர் வேறொரு பாடம் கற்பித்தது. ஹெட்போனில் அறையை நிரப்பும் 50 ஹெர்ட்ஸ் முக்கோண அலை, அந்தச் சிறிய ஸ்பீக்கரில் ஏறத்தாழக் காணாமல் போகிறது. அதே சுரத்தின் மூன்றாம், ஐந்தாம் மேற்சுரங்களைக் கொஞ்சம் தூக்கி வரைந்தால், அடிச்சுரம் ஒலிக்காவிட்டாலும் காது அதைத் தானே நிரப்பிக்கொள்கிறது. அதனால் எந்த பேஸையும் முதலில் ஸ்பீக்கரிலும் பிறகு ஹெட்போனிலும் கேட்ட பின்னரே சேமிக்கிறேன்.

மற்றவற்றைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பல்ஸில் முதல் கணத்தை மட்டும் 12.5 சதவீதத் துடிப்பு அகலத்தில் தொடங்கி 50 சதவீதத்துக்கு மாற்றினால், சுண்டி இழுத்த தந்தியின் கூர்மை வருகிறது. 25, 75 சதவீத அகலங்கள் காதுக்கு ஒன்றேதான் என்பதால் அந்த நான்கு தேர்வுகளும் உண்மையில் மூன்றே. நாய்ஸ் சேனலை 7 பிட் நிலைக்கு மாற்றினால் 127 படிகளில் சுழன்று உலோகத்தின் ஒலி பிறக்கிறது. அதை வைத்தே ஒரு முழுத் தாள வரிசையை அமைத்திருக்கிறேன். உயர்ந்த சுரங்களில் சுருதி விலகுவது மட்டும் உண்மையான குறை. அதிர்வெண்ணுக்கு 11 பிட்டுகளே இருப்பதால், 2,700 ஹெர்ட்ஸ் அருகே அடுத்தடுத்த இரு மதிப்புகளுக்கு இடையே ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸ் இடைவெளி விழுகிறது. மெட்டை ஓர் எண்மம் (ஸ்தாயி) கீழே இறக்கினால் அதுவும் தீர்ந்துவிடுகிறது.

இவ்வளவு சொன்ன பிறகும், வாங்க வேண்டாம் என்றுதான் நண்பரிடம் சொன்னேன். இதே மென்பொருளைக் கணினியில் எமுலேட்டரில் (கேம் பாயைப் போலவே இயங்கும் மென்பொருளில்) ஓட்டினால் இதே 32 புள்ளிகளையும் 16 படிகளையும் கற்கலாம். கோப்பை நகலெடுப்பது ஒரு நொடி வேலை. ஒரு பொத்தான் பேட்டரியை நம்பி இரண்டு ஆண்டு உழைப்பை ஒப்படைக்கும் நிலை அங்கே இல்லை. இழப்பின் சூட்டில் சொன்ன பதில் என்று அவர் நினைத்திருக்கலாம். நான் அதை இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை.

அன்றிரவு அதே கருவியில் பழைய பேஸ் ஒன்றை நினைவிலிருந்து மீண்டும் வரைந்தேன். முதல் பதினான்கு ஃபிரேம்கள் எளிதாகவே திரும்பி வந்தன. கடைசி ஃபிரேமில் மிஞ்சுபவை 7, 8 என்ற இரண்டு மதிப்புகள் மட்டுமே. முக்கோணமோ ரம்பப்பல்லோ, எந்த அலையானாலும் இந்தக் கருவியில் மௌனத்துக்கு முந்திய படியில் இரண்டே மட்டங்கள் கொண்ட சதுரமாகத்தான் முடிய வேண்டும். முழு வீச்சில் 15இல் ஒரு பங்கே ஆன அந்தச் சதுரம் ஹெட்போனில் ஒரு மூச்சைப்போல் கேட்கிறது. அதில் 8 எத்தனை புள்ளிகளுக்கு நீடிக்க வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிட்டேன். பதினாறு வைத்தால் வெறுமையாகவும், நான்கு வைத்தால் மூக்கடைத்தது போலவும் இருந்தது. விடியும் நேரத்தில் பதினொன்று வைத்துப் பார்த்தேன், அதுதான். சேமித்த கையோடு கணினியிலும் ஒரு நகல் எடுத்து வைத்தேன்.