பல்கலைக்கழக நூலகத்தின் ஆய்வுச் சேவைகள்: நெடுநாள் பயன்படுத்திய ஒருவரின் கருத்து

கோலாலம்பூரில் முதுகலைக்குச் சேர்ந்ததிலிருந்து, பகுதிநேர விரிவுரையாளராக இருக்கும் இன்றுவரை, ஒரே பல்கலைக்கழகத்தின் நூலகத்தைத்தான் பயன்படுத்தி வருகிறேன். புத்தகம் இரவல் எடுப்பது பற்றி இங்கே எழுதப் போவதில்லை. மாணவர்களும் விரிவுரையாளர்களும் செய்த ஆய்வை நாலு பேர் கண்ணில் படவைக்க நூலகம் என்ன செய்கிறது, அதில் எது உண்மையிலேயே பலன் தருகிறது என்பதைச் சொல்கிறேன். தமிழில் ஆய்வு செய்பவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதுபவருக்குத் தானாக நடந்துவிடும் பல வேலைகள், நமக்கு யாராவது உட்கார்ந்து செய்தால்தான் நடக்கும்.

எனக்கு மிகவும் பயன்பட்டது, ஆய்வேடுகளையும் கட்டுரைகளையும் இணையத்தில் சேர்த்து வைக்கும் மின்களஞ்சியம்தான். இ-பிரின்ட்ஸ் என்ற இலவச மென்பொருளில் இது ஓடுகிறது. இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் 2000இல் பிறந்த மென்பொருள் அது. மலாயாப் பல்கலைக்கழகமும் பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமும் தங்கள் களஞ்சியங்களை அதில்தான் நடத்துகின்றன. முன்பெல்லாம் ஆய்வேட்டைக் கெட்டி அட்டை போட்டுக் கொடுத்தால் அது அலமாரிக்குப் போய்விடும். நேரில் வருபவர் மட்டும், அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம். களஞ்சியத்தில் ஏறிய ஏட்டுக்கு நிலையான இணைய முகவரி உண்டு. தலைப்பு, ஆசிரியர், ஆண்டு ஆகியவற்றை, ஆய்வுகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் படித்துக்கொள்ளும் வடிவில் அந்த மென்பொருளே எழுதி வைக்கிறது. என் முதுகலை ஆய்வேடு ஏறிய பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஆய்வு மாணவர் மின்னஞ்சலில் கேள்விகள் அனுப்பினார். அட்டை போட்ட பிரதி மட்டும் இருந்திருந்தால் அவர் அதைப் பார்த்திருக்க வழியே இல்லை.

ஆனால் ஏற்றிவிட்டால் மட்டும் போதாது. தமிழ் ஏடுகளில் இரண்டு இடங்களில் சிக்கல் வருகிறது. முதலாவது எழுத்துரு. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோட் பரவுவதற்கு முன் தட்டச்சு செய்த ஏடுகள் அந்தந்த எழுத்துருவின் சொந்தக் குறியீட்டில் இருக்கும். முரசு போன்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் பிறந்த ஊர் இது என்பதால் கணினித் தமிழ் நமக்கு முன்னதாகவே வந்துவிட்டது. அதே காரணத்தால், பழைய குறியீட்டில் உள்ள ஏடுகளும் நம்மிடம் நிறைய. திரையில் அழகான தமிழாகத் தெரியும். அதையே நகலெடுத்து ஒட்டினால் புரியாத லத்தீன் எழுத்துகளாக வரும். தேடுபொறியும் அந்த எழுத்துகளைத்தான் பார்க்கிறது. 'தோட்டம்' என்று தேடுபவருக்கு அந்த ஏடு அகப்படவே அகப்படாது.

இரண்டாவது கோப்பின் அளவு. ஒரு கோப்பு 5 மெகாபைட்டைத் தாண்டக்கூடாது என்பது கூகுள் ஸ்காலரின் விதி. பக்கம் பக்கமாகப் படமெடுத்த ஆய்வேடு அந்த அளவைச் சுலபமாகத் தாண்டிவிடும். எங்கள் நூலகர் ஒருவர் இதற்கு நல்ல வழி வைத்திருக்கிறார்: ஏட்டை இயல் இயலாகப் பிரித்து ஏற்றுகிறார், ஆய்வுச் சுருக்கத்தைத் தமிழ் யூனிகோடில் தனியாகத் தட்டச்சு செய்து பதிவுப் பக்கத்தில் சேர்க்கிறார். எங்கள் விதிப்படி மலாயிலும் ஆங்கிலத்திலும் சுருக்கம் இருந்தால் போதும். தமிழ்ச் சுருக்கம் கட்டாயமில்லை. ஆனாலும் தமிழில் எழுதிய ஏட்டைத் தமிழில் தேடிக் கண்டுபிடிக்க முடிய வேண்டாமா? அவர் சேர்த்த அந்தச் சில வரிகள் எத்தனையோ விளம்பரப் பதாகைகளைவிட மேல்.

அடுத்தது பெயர். நம்மைப் போல இதில் அல்லல்படுபவர்கள் குறைவு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அடையாள அட்டையில் நம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே ஏ/எல் அல்லது ஏ/பி இருக்கும்; மகன், மகள் என்பதற்கான மலாய்ச் சுருக்கங்கள் அவை. ஆய்வுக் கட்டுரைகளைப் பட்டியலிடும் ஸ்கோப்பஸ் போன்ற தரவுத்தளங்கள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்வதால், கட்டுரை அப்பா பெயரில் போய் உட்கார்ந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, சுப்பிரமணியம் என்பதை ரோமன் எழுத்தில் எழுத எத்தனை வழி உண்டோ அத்தனை ஆசிரியர்கள் முளைப்பார்கள். எங்கள் துறையில் மூத்த விரிவுரையாளர் ஒருவரின் கட்டுரைகள் மூன்று வெவ்வேறு ஆட்களுடையவை போலச் சிதறிக் கிடந்தன. பதவி உயர்வுக்கு மேற்கோள் எண்ணிக்கை கேட்கும் காலத்தில் இது சின்ன விஷயமில்லை.

நூலகம் நடத்தும் ஆர்க்கிட் பட்டறை இதற்குத்தான். ஆர்க்கிட் என்பது 2012இல் தொடங்கிய சேவை. ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் 16 இலக்க எண் இலவசமாகக் கிடைக்கும். பெயரை எப்படி எழுதினாலும் எண் ஒன்றுதான். வேறு பெயர் வடிவங்களைச் சேர்க்கவும் அதில் இடம் உண்டு. தமிழ் எழுத்திலேயே சேர்க்கலாம். ஒருநாள் பட்டறையில் எண் வாங்குவதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். சிதறிய பதிவுகளை ஒன்றுசேர்க்கும் வேலையை முடிக்க நூலகரிடம் தனியாக நேரம் கேட்டு உட்கார வேண்டும். அந்த மூத்த விரிவுரையாளருக்கு அப்படித்தான் சரியானது. மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதல் கட்டுரையை அனுப்புவதற்கு முன்பே எண்ணை வாங்கிவிடுங்கள், ரோமன் எழுத்தில் பெயருக்கு ஒரே வடிவத்தை முடிவு செய்துவிடுங்கள்.

நூல் பட்டியலிலும் இதே கதை. தமிழ்ப் புத்தகங்களை ரோமன் எழுத்துபெயர்ப்பில்தான் பதிந்திருக்கிறார்கள். ழகரமா, ளகரமா என்பது ரோமன் l எழுத்தின் கீழே போடும் கோட்டையும் புள்ளியையும் பொறுத்தது. நூல் விவரங்களைப் பதிய நூலகங்கள் பயன்படுத்தும் மார்க் வடிவத்தில் மூல எழுத்துக்கென்றே 880 என்ற புலம் இருக்கிறது. எங்கள் நூலகத்தின் புதிய வரவுகளில் அதை நிரப்புகிறார்கள், பழையவற்றில் இன்னும் இல்லை.

கட்டுரை வெளியிடும்போது கிடைக்கும் ஆலோசனையும் நன்று. பல பதிப்பாளர்கள், ஏற்றுக்கொள்ளப்பட்ட கையெழுத்துப் படியை, அதாவது அச்சுக்கு வடிவமைக்கும் முன்புள்ள படியை, களஞ்சியத்தில் வைக்க அனுமதிக்கிறார்கள். சிலர் 12 மாதமோ 24 மாதமோ தடைக்காலம் விதிக்கிறார்கள். எந்த இதழ் எதை அனுமதிக்கிறது என்று நூலகர் பார்த்துச் சொல்லிவிடுகிறார். பணம் வாங்கிக்கொண்டு எதையும் போடும் போலி இதழ்களை அடையாளம் காட்டுவதும் அவர்தான். முனைவர் பட்டத்துக்கு முன் கட்டுரை வந்தாக வேண்டும் என்ற நெருக்கடியில் இருக்கும் மாணவர்களை இந்த இதழ்கள் குறிவைப்பதால், இந்தச் சேவை எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

நுழைவாயிலில் கண்ணாடிப் பெட்டிக்குள் விரிவுரையாளர்களின் நூல்களை வைத்திருக்கிறார்கள். பார்க்க நன்றாக இருக்கிறது. அதைப் பார்த்து யாராவது ஒரு நூலைத் தேடிப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. மூன்று நிமிட ஆய்வுரைப் போட்டி அப்படியல்ல. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008இல் தொடங்கிய போட்டி அது. ஒரே ஒரு படவில்லையோடு (ஸ்லைடு) மூன்று நிமிடத்தில் ஆய்வைச் சொல்லி முடிக்க வேண்டும். எங்கள் நூலகத்தில் தமிழிலும் ஒரு சுற்று வைக்கக் கேட்டோம், வைத்தார்கள். காணொளிகளை அந்தந்த ஆய்வேட்டின் பக்கத்திலேயே இணைத்ததுதான் கெட்டிக்காரத்தனம்.

மனம் ஆறாத குறை ஒன்று உண்டு. இளங்கலை இறுதியாண்டு மாணவர்கள் எழுதும் லத்திஹான் இல்மியா ஏடுகள் களஞ்சியத்தில் இல்லை. முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு 1966 ஏப்ரலில் இந்தக் கோலாலம்பூரில்தான் நடந்தது. அந்தத் தலைமுறையிலிருந்தே நம் பிள்ளைகள் தத்தம் தோட்டங்களைப் பற்றியும் கோயில்களைப் பற்றியும் தமிழ்ப்பள்ளிகளைப் பற்றியும் எழுதி வந்திருக்கிறார்கள். அந்தத் தோட்டங்களில் பல இன்று வீடமைப்புப் பகுதிகள். தண்டல், கங்காணி போன்ற மேற்பார்வையாளர்கள், ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள் என்று அங்கே வாழ்ந்தவர்களிடம் நேரில் கேட்டு எழுதியவை அந்த ஏடுகள்; கேட்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை. மாணவர் ஏடுதானே என்று தரம் குறைத்துப் பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. முறையியலில் குறை இருக்கலாம். அதிலுள்ள நேர்காணலை இனி யாராலும் எடுக்க முடியாது.

எழுதியவரின் ஒப்புதல் இல்லாமல் இணையத்தில் போட முடியாது என்று நூலகம் சொல்வது நியாயம்தான். அதனால் இப்போது முன்னாள் மாணவர்களுக்கென ஒரு பக்க ஒப்புதல் படிவம் தயாரித்திருக்கிறார்கள். ஏட்டின் தலைப்பு, எழுதிய ஆண்டு, படித்த காலத்துப் பெயர், இப்போதைய தொடர்பு எண் இவ்வளவுதான் கேட்கிறார்கள். எங்களோடு படித்தவர்களுக்கு அதைப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பி வருகிறோம். நீங்கள் வேறு பல்கலைக்கழகத்தில் படித்தவராக இருந்தாலும், உங்கள் நூலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். படிவம் இல்லை என்றால் தயாரிக்கச் சொல்லுங்கள்.